மருந்துப் பக்கம்

மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொண்ட பிறகுதான் படம் கழுவுகிற அமிடால் புட்டியைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொடி காற்றில் ஏறித் தொண்டையில் மூன்று நாள் குடியிருக்கும், இது தாயுமானவனுக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த பாடம், இருந்தும் இன்றைக்கும் மூடியைத் திருகி எடுத்த பிறகுதான் துண்டு ஞாபகம் வந்தது. அவருடைய புத்தி அந்த ரகம். எதுவும் காரியம் முடிந்த பிறகுதான் வரும். புட்டியைச் சாய்த்துத் தட்டினால் ஆறு கிராம், சுரண்டினால் இன்னும் அரை, ஒரு தட்டு மருந்துக்குச் சரியாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சல்பைட், அது கரைந்து தெளிந்த பிறகு அமிடால், கடைசியில் ஒரு சிட்டிகை சிட்ரிக் உப்பு. தண்ணீர் கேன் தண்ணீர்தான், நாகப்பட்டினத்தில் குழாயைத் திறந்தால் கடலல்லவா வருகிறது, உப்பு, எதை எடுத்தாலும் இன்றைக்கு உப்பில் போய் நிற்கிறது. கலக்கியதும் மருந்து பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறம், அப்புறம் நாவல்பழச் சாறு, அப்புறம் செத்துவிடும். இரண்டு மணி நேர ஆயுள். மற்ற டெவலப்பர்களைப் புட்டியில் அடைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும், மனுஷன் மனசில் கிடக்கிற விஷம் மாதிரி. இது மட்டும் இப்போது செய்கிறாயா இல்லையா என்று கேட்கும். மணி இரண்டரை. நாலு மணிக்குச் சென்னையிலிருந்து கண்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், ஒரு படத்தை வாங்கிக்கொண்டு போக. ஐந்து மணிக்கு இளஞ்சியம் வருகிறாள், அதே படத்தை வாங்கிக்கொண்டு போக, படத்தில் இருப்பது செத்துப்போன அவள் அம்மா. நெகட்டிவ் ஒன்றுதான். கண்காட்சிக்கு வேண்டியது இடது கை, இளஞ்சியத்துக்கு வேண்டியது வலது கை. காகிதம் இரண்டே இரண்டு மிச்சம்.

விளக்கை அணைப்பதற்கு முன் நெகட்டிவை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளுப்பெல்லாம் கறுப்பு, கறுப்பெல்லாம் வெளுப்பு, வேதாரண்யத்து உப்பளம், பின்னால் குவித்த உப்பு இங்கே கரிக்குவியலாக நிற்கிறது. முன்னால் ஒரு பெண் அலுமினிய டம்ளரைப் பார்க்கிறவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஊரறிந்த படம். ஒரு வாரப் பத்திரிகை அட்டையில் வந்தது, டெல்லி வரை போய்ப் பரிசு வாங்கியது, ‘மறுத்தபடியே ஈயும் கை’ என்று தலைப்புப் போட்டு ஒரு பெரிய மனுஷர் நாலு பக்கம் எழுதினார்: இந்தப் பெண் தண்ணீரை இடது கையால் நீட்டுகிறாள், கேட்டவனுக்குக் கொடுக்கவும் செய்கிறாள், கொடுக்கிற கையாலேயே அவனைச் செருப்பால் அடிக்கவும் செய்கிறாள் என்று. அந்த நாலு பக்கத்துக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு அண்ணன் வைத்திலிங்கம் ஸ்டுடியோ முன்னறையில் மாட்டியிருக்கிறார். நாலு பக்கத்தில் எங்கேயும் அவளுக்கு அஞ்சம்மாள் என்று ஒரு பேர் இருந்ததாக இல்லை. பேரைக் கொண்டுவந்தவள் இளஞ்சியம்தான், போன செவ்வாய்க்கிழமை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த பழைய பத்திரிகை அட்டையோடு. நாற்பது வயதிருக்கும், பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில், பின்கழுத்தில் வியர்வை. “சார், எங்கம்மா செத்துப்போச்சு. வர்ற சனிக்கிழமை காரியம். மாட்டுறதுக்கு வேற படம் கெடையாது. எங்கம்மா படத்தத் திருப்பிக் குடுங்க” என்றாள். அண்ணன் சிரித்தார். “உங்ககிட்டேர்ந்து நான் எதம்மா வாங்கினேன், திருப்பிக் குடுக்க?” அவள் அட்டையை மேஜைமேல் விரித்துக் கையைச் சுட்டினாள். “எங்கம்மா யாருக்கும் நொட்டாங்கையால தண்ணி குடுத்ததில்ல சார். இது வந்த நாளா ஊர்ல அதுக்குப் பேரே நொட்டாங்கை அஞ்சம்மா. எழவு சொல்லப் போனவன்கூட நொட்டாங்கை போயிருச்சுன்னுதான் சொல்லியிருக்கான்.” அண்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டார். “அது கலைம்மா, உனக்குப் புரியாது. கேமரா பொய் சொல்லாது.” “அப்ப எங்கம்மா பொய் சொல்லுச்சா?” கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தாயுமானவனுக்கு அந்தத் ‘திருப்பி’ என்ற சொல் மட்டும் காதில் முள்ளாகத் தைத்தது. அவள் சொன்னது ஒரு அர்த்தத்தில், அவருக்குக் கேட்டது வேறு அர்த்தத்தில். திரையை விலக்கிக்கொண்டு வந்து, “வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்கு வாங்க, தர்றேன்” என்றார். அண்ணன் முறைத்தார். இளஞ்சியம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். “படம் புடிச்ச தம்பிக்கு நகமெல்லாம் கருப்பா இருக்கும்னு அம்மா சொல்லும்” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வாசலில் இறங்கிப் போனாள். வேறென்ன சொல்லும் உன் அம்மா? கேட்கவில்லை. மூன்று நாளாகச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் முதல் கவளமாக வருகிறது.

விளக்கை அணைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. நெகட்டிவில் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும், மங்கல் பக்கம்தான் மருந்துப் பக்கம். காகிதத்துக்கும் அப்படி ஒரு மருந்துப் பக்கம் உண்டு. மருந்து மருந்தைப் பார்க்கணும், தொழிலின் அரிச்சுவடியே அதுதான், அதை மாற்றி வைத்தால் படத்தில் இடம் வலமாகிவிடும், கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக்கொள்ளும். நேற்றுச் சேர்ந்த பயலும் இதில் தப்புச் செய்ய மாட்டான். தாயுமானவன் செய்தார். அதுவும் எப்படி? முதலில் சரியாகத்தான் வைத்தார். வேதாரண்யத்திலிருந்து வந்த மறுநாள், படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற இதே என்லார்ஜர், இதே முக்காலி, மருந்துப் பக்கத்தைக் கீழே வைத்து விளக்கைப் போட்டார், பலகைமேல் அஞ்சம்மாள் விழுந்தாள், விழுந்ததும் ஏதோ தப்பு என்று மனசு உதறியது. இது அவள் இல்லையே. அவள் இந்தப் பக்கமல்லவா நின்றாள், கை இந்தப் பக்கத்திலிருந்தல்லவா வந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்றால், படம் எடுக்கும்போது அவர் அவளைக் கண்ணால் பார்க்கவேயில்லை. அது இரட்டைக் கண் கேமரா, வயிற்றருகே வைத்துக்கொண்டு மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும், அந்தக் கண்ணாடியில் உலகம் இடவலம் மாறித்தான் தெரியும். எதிரே ஒருத்தி நின்று தண்ணீர் நீட்டும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எந்தக் கை ஞாபகம் இருக்கும்? கண்ணாடிக் கைதான். ஆகவே சரியாக இருந்த நெகட்டிவை எடுத்து, தப்பைத் திருத்துகிறோம் என்ற நினைப்பில், புரட்டி வைத்தார். அதற்கப்புறம் எத்தனை பிரதி, எத்தனை தட்டு மருந்து, எல்லாம் புரட்டி வைத்ததுதான். பத்திரிகை அட்டையில் அச்சாகி வந்தபோது இடது தோளில் கிடக்க வேண்டிய முந்தானை வலது தோளில் கிடந்ததைப் பார்த்தவுடன் செய்த தப்பு தெரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சொல்லவில்லை என்றால் சும்மாவா, அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘படம்: வைத்திலிங்கம்’ என்று போட்டிருந்ததே. வேதாரண்யத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனார்கள் இரண்டு பேரும், முதல் நாள் ராத்திரி இறால் தின்றது ஒத்துக்காமல் அண்ணன் லாட்ஜில் சுருண்டு கிடந்தார், பொழுது போகாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்தது தம்பி. திரும்பி வந்து கழுவிப் பார்த்து, இதைப் போட்டிக்கு அனுப்பலாமாண்ணே என்று கேட்டதற்கு, நானே அனுப்பிட்டேன்டா என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. “கேமரா யாருது? ஃபிலிம் யாருது? போர்டுல பேரு யாருது? அண்ணன் தம்பிக்குள்ள என்னடா என் பேரு உன் பேரு.” அதுவும் சரிதான் என்றது அன்றைக்கு வாய். உள்ளே ஒன்று மட்டும் சரியில்லை என்றது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, வீட்டுக்கு இளைத்தவன் இருட்டறைத் தம்பி. அண்ணன் கை மருந்தில் பட்டதே கிடையாது, நகம் இன்றைக்கும் புது வெள்ளிக் காசு மாதிரி இருக்கும். இவருக்குப் பத்து விரலிலும் கறுப்பு, வலது கையில் கூடுதல், அமிடால் கறை சோப்புக்கும் போகாது புளிக்கும் போகாது, நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் உண்டு, அதற்குள் அடுத்த தட்டு மருந்து வந்துவிடும். கீவளூரில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன் பஜ்ஜித் தட்டுக்கு நீண்ட கையைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்குக் கையில என்னங்க?” என்றார். தொழில் மருந்துங்க என்று அண்ணன் சொல்லியும் அந்த வீட்டார் உள்ளே போய்க் குசுகுசுத்தது வெளியே வரைக்கும் கேட்டது, குஷ்டமோ என்னமோ. மூன்று வீட்டில் அதே கதை. அண்ணன் மகன் கல்யாணத்தில் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் போனபோது ஒரு அம்மாள் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டாள், வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, இலையை மூடிக்கொண்டாள். அன்றைக்கு விழுந்த பழக்கம்தான், வலது கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு எதைக் கொடுப்பதென்றாலும் இடது கையால் கொடுப்பது, சனியன், அது பழக்கமே ஆகிவிட்டது. இவ்வளவும் மனசில் ஊறிக் கிடந்ததால்தான் அந்த அட்டையைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டார். பேர் உன்னுடையதா, தப்பும் உன்னுடையதாகவே இருக்கட்டும். எடுத்தவனுக்குத் தெரியாதா எந்தக் கை என்று? விவரம் தெரிந்த ஒருத்தன் என்றைக்காவது வந்து, ஐயா முந்தானை ஏன் வலது தோளில் கிடக்கிறது, நீர் அங்கே இருந்தீரா இல்லையா என்று கேட்பான், அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் அன்றைக்கு. முப்பத்தைந்து வருஷம் அந்த ஒருத்தனுக்காகக் காத்திருந்தார். அது அவருடைய ரகசிய இனிப்பு, தூக்கம் வராதபோது எடுத்து நக்கிப் பார்த்துக்கொள்கிற வெல்லக்கட்டி. அந்த வெல்லத்தை அங்கே ஒருத்தி விஷமாகத் தின்றுகொண்டிருந்தாள் என்பது செவ்வாய்க்கிழமை வரை தெரியாது. தெரியாதென்று சொல்வதுகூட அவ்வளவு சரியில்லை. நினைத்துப் பார்க்கவில்லை.

மருந்துப் பக்கத்தைக் கீழே வைத்தார். விளக்கைப் போட்டார். அஞ்சம்மாள் பலகைமேல் விழுந்தாள், வலது கை. இத்தனை வருஷம் பார்த்த முகம் திரும்பிக்கொண்டதும் யாரோ அசலூர்ப் பெண் மாதிரி இருந்தது. பதினெட்டு எண்ணி விளக்கை அணைத்து, காகிதத்தை அமிடால் தட்டில் முக்கி விரலால் நீவினார். முதலில் டம்ளரின் விளிம்பு வந்தது, அப்புறம் கண்கள், அப்புறம் சேலையின் இருட்டு. அரை நிமிஷம் போனதும் எடுத்துப் பக்கத்துத் தட்டில் வெறும் தண்ணீரில் போட்டார். இதுதான் அமிடாலின் சூட்சுமம், தண்ணீரில் கிடக்கும்போது கறுப்பு தன் பங்கு மருந்தைச் சீக்கிரம் தின்று தீர்த்துவிட்டு நின்றுவிடும், வெளுப்பு மட்டும் மெதுமெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும், அப்படித்தான் உப்புக் குவியலில் ஒவ்வொரு பரலும் எழும்பி வரும். அந்த இரண்டு நிமிஷமும் தட்டை ஆட்டக் கூடாது, சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதுதான் கஷ்டம். சும்மா நின்றால் அந்த வெயில் வருகிறது, தாகம் வருகிறது, தண்ணி கெடைக்குமாம்மா என்று தன் குரலே வருகிறது, அவள் பானையைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு வருகிறாள், நீட்டுகிறாள், கிளிக், கேமராவை இறக்கிவிட்டு டம்ளரை வாங்கினார். வாங்கினார். அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டாம். மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர், நாலு தடவை, அப்புறம் படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ. படம் நின்றது. நல்ல படம், கறுப்பு கிணற்றடிக் கறுப்பாக இறங்கியிருந்தது. கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. “டேய் தாயு, வரலாமா?” வாங்கண்ணே என்று விளக்கைப் போட்டார். சந்தன வாசனையும் வெள்ளை ஜிப்பாவுமாக உள்ளே வந்த வைத்திலிங்கம் ஹைப்போத் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்னடா இது, திருப்பிப் போட்டு வச்சிருக்கே? கண்ணு அவிஞ்சு போச்சா?” “சரியாத்தாண்ணே போட்டிருக்கேன்.” “அவ நீட்டுறது இடது கைடா.” தாயுமானவன் முப்பத்தைந்து வருஷமாக மென்றுகொண்டிருந்ததைக் கடைசியில் துப்பினார். “அன்னைக்கு அவ எந்தக் கையால நீட்டுனாண்ணே?” அண்ணன் தடுமாறுவார், கண்ணைத் தாழ்த்துவார், இதற்காகத்தானே இத்தனை நாள். அண்ணன் தடுமாறவில்லை. “எனக்கு ஞாபகம் இல்லாமயா? வெயிலு மண்டையப் பொளக்குது. நான் குனிஞ்சு பார்க்கிறேன். இந்தா, இந்தக் கை வருது” என்று தன் இடது கையை நீட்டிக் காட்டினார், கண்ணில் நிஜமாகவே உப்பளத்து வெயில் அடித்தது. தாயுமானவன் அந்த முகத்தில் பொய்யைத் தேடினார். இல்லை. சுத்தமாக இல்லை. மனுஷன் அங்கே நின்றிருக்கிறார். “நீங்க அன்னைக்கு லாட்ஜுலண்ணே. எறால் ஒத்துக்காம படுத்துக் கெடந்தீங்க.” “அது வேற வருஷம்டா” என்றார் அண்ணன் அலுத்துக்கொண்டு, “வயசாயிடுச்சுன்னு உளறாத. இன்னொண்ணு போடு, சரியா.” திருடினவனைப் பிடித்துவிடலாம், தன்னுடையது என்றே நம்பிவிட்டவனை எங்கே போய்ப் பிடிப்பது?

“மருந்து செத்துப்போச்சுண்ணே” என்றார். பொய். தட்டில் மருந்து ரோஜா நிறம் தாண்டி இப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது, இன்னும் முக்கால் மணி உயிரோடிருக்கும். அண்ணனுக்கு அது தெரியாது, தொட்டால்தானே தெரியும். அண்ணனிடம் அவர் சொன்ன முதல் பொய் என்று நினைத்துக்கொண்டார், இனி இருப்பது இந்த வலது கைப் படம் ஒன்றுதான், மாட்டினால் இதை மாட்டு, இல்லையென்றால் வெறும் சுவரை மாட்டு. வைத்திலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். “சரி விடு. இதையே காய வச்சுக் குடு. எப்படியும் அவங்க ஸ்கேன் பண்ணி மிஷின்லதானே பெரிசாப் போடப்போறாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டினா திரும்பிடும்.” ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு தட்டுத் தட்டினால். தாயுமானவன் முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு மனுஷன் முப்பத்தைந்து வருஷம் மார்பில் சுமந்த பாறாங்கல்லை எவனோ ஒரு பையன் சுண்டுவிரலால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் போடுவான், டீ குடித்துக்கொண்டே. சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் எழுந்து விளக்கை அணைத்தார். கண்காட்சி எக்கேடும் கெடட்டும். ஐந்து மணி ஒன்று இருக்கிறது.

இரண்டாவது காகிதம். கடைசிக் காகிதம். மருந்து, தண்ணீர், ஆட்டாமல் நிற்பது. இந்தத் தடவை வெயிலை நிறுத்த முடியவில்லை, கிளிக்கோடு நின்றுவிடுகிற அந்த நினைவு இன்றைக்கு வேலியைத் தாண்டிவிட்டது. டம்ளரை வாங்கினார். வாங்கியவர் குடித்தாரா? குடிக்கவில்லை. தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கேட்டதும் அவர்தான், டம்ளர் உதடு வரைக்கும் வந்தது, அங்கே அம்மாவின் குரல் வந்து நின்றது, எந்தத் தெருவுத் தண்ணின்னு பாத்துக் குடிடா. எந்தத் தெரு என்று அவளைப் பார்த்தாலே தெரிந்தது, அவள் டம்ளரை நீட்டிய தூரத்திலேயே தெரிந்தது. குடிக்க முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் வெட்கமாக இருந்தது. கேமராவைத் தோளில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கைமேல் ஊற்றிக்கொண்டார். நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற மாதிரி கழுவினார், இந்தக் கறையைப் போக்கத்தான் தண்ணீர் கேட்டேன் என்கிற மாதிரி. அமிடால் கறை தண்ணீருக்குப் போகாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஒரு சொட்டு விடாமல் உப்பு மண்ணில் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். “கை கழுவவா கேட்டீங்க?” என்றாள். கோபமாகக்கூட இல்லை. அந்தப் பானை நல்ல தண்ணீர் எத்தனை மைலுக்கு அப்பாலிருந்து வந்ததோ. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிப் பழகிய கைதான் இது. தண்ணீர்த் தட்டில் அஞ்சம்மாளின் நெற்றி வெளுத்து எழும்பி வந்தது. அப்படியென்றால் புரட்டி வைத்தது கண்ணாடியில் பார்த்த தோஷம்தானா? மறுநாள் இதே பலகைமேல் வலது கை விழுந்தபோது மனசு உதறியதே, கண்ணாடி ஞாபகத்துக்காகவா உதறியது, இல்லை, மரியாதையாக நீட்டிய கையைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் உதறியதா? அவள் இடது கையால் கொடுத்திருந்தால் குடிக்காமல் விட்டது நியாயம். அந்த நியாயத்தைத்தான் மருந்தில் முக்கி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாரா? தெரியவில்லை. நிஜமாகத் தெரியவில்லை. அண்ணனுக்கு அவருடைய பொய் ஞாபகமாகிவிட்டது, தனக்கு எது ஆகியிருக்கிறதென்று யார் வந்து சொல்வது? படத்தை எடுத்து ஹைப்போவில் போட்டபோது வலது கை அமிடால் தட்டின் விளிம்பில் இடித்து, மருந்து முழங்கை வரை தெறித்தது.

ஐந்து அடித்துப் பத்து நிமிஷம் கழித்து இளஞ்சியம் வந்தாள். கண்காட்சிக்காரர்கள் தங்கள் படத்தை வாங்கிக்கொண்டு போயாயிற்று, அண்ணன் அவர்களோடு காப்பி சாப்பிடப் போயிருந்தார், முன்னறையில் நாலு பக்கக் கட்டுரையும் மின்விசிறியும் மட்டும். தாயுமானவன் ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்திருந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “ஈரம் இன்னும் முழுசாப் போகல. நிழல்ல காய வைங்க” என்று நீட்டினார். இளஞ்சியம் வாங்கவில்லை. எட்டி நின்றே பார்த்தாள், முதலில் கையை, அப்புறம் முகத்தை, ரொம்ப நேரம் முகத்தை. கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “அம்மாதான்” என்றாள். அவர் நீட்டிய படத்தோடு நின்றபடியே சொன்னார். “படத்த எடுத்தது நான்தான்மா. அண்ணன் இல்ல. திருப்பிப் போட்டதும் நான்தான். உங்கம்மா சோத்தாங்கையாலதான் குடுத்தாங்க.” “தெரியும் சார்” என்றாள் இளஞ்சியம். இதுதான், மூன்று நாளாகக் கேட்காமல் விட்டது. “வேற… வேற எதாவது சொல்லியிருக்காங்களா, அன்னைக்கு நடந்தது?” “கோவம் வந்தா மட்டும் சொல்லும். யாராச்சும் நொட்டாங்கைன்னு கூப்புட்டுட்டா, வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்டுச் சொல்லும். ‘குடுத்தது சோத்தாங்கைதான்டி, வாங்குனதுதான் நொட்டாங்கை’ன்னு.” வாங்கியது? கேமரா வலது கையில் இருந்தது. கனம், இறக்கிப் பிடித்திருந்தார், நீண்ட டம்ளருக்கு நீண்டது எந்தக் கை? இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அந்த வெயிலுக்குள் போய் வந்தார், அவளுடைய கையைத்தான் பார்த்தார், தன் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மின்விசிறிக் காற்றில் படத்தின் ஓரம் படபடத்தது. இளஞ்சியம் இன்னும் கை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தாள், அவள் பார்வை படத்தில் இல்லை, படத்துக்குக் கீழே இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். படத்தைப் பிடித்திருந்தது இடது கை, வலது கை வழக்கம்போல வேட்டி மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்தார், இருட்டறையில் தெறித்த மருந்தில் நகம் மட்டுமல்ல, விரலே கறுத்துக்கொண்டிருந்தது. படத்தைக் கை மாற்றி நீட்டினார். இளஞ்சியம் வாங்கிக்கொண்டாள்.